பாப்பாக்குறிச்சி தாண்டி ஃபின்லாந்து

பணிநிறைவுப் பாராட்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்றார்கள். "ஐயாவோட ஆய்வுப் பணியைப் பத்தி ஒரு நாலு பக்கம். அவர்கிட்டயே படிச்சீங்க, அவருக்கு எதிர் டேபிள்லயே வேலை பாக்கறீங்க. உங்களுக்குத் தெரியாததா?" என்றார் விழாக்குழுச் செயலாளர். தெரியும் என்பதுதான் தொல்லை.

ஐயாவின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் ஒரே ஆளுக்குத்தான் கோபம் வரும். எழுதாவிட்டால் இருபது பேராவது "என்னைத்தான் சொல்றான்" என்று கொதிப்பார்கள். எனக்கு வேண்டியதும் அதுதான். உண்மையில் இவர் ஓர் ஆளே அல்லர். கால் நூற்றாண்டில் நான் பாடம் கேட்ட, பை தூக்கிய, பின்னால் நடந்த பலரை வெட்டி ஒட்டி ஒரே சஃபாரி சூட்டாகத் தைத்திருக்கிறேன். கல்லூரியின் பெயரும் வேண்டாம். காவிரிக்குத் தெற்கா, கொள்ளிடத்துக்கு வடக்கா என்றுகூடச் சொல்ல மாட்டேன். வீடு மட்டும் ஸ்ரீரங்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டு மொட்டை மாடியில் நாம் ஏறினால் 236 அடி ராஜகோபுரம் தெரியும். ஐயா ஏறினால் ஹெல்சிங்கி தெரியும்.

ஐயாவின் துறை ஒப்பீட்டுப் பொதுக்கொள்கை. ஓர் அரசாங்கம் எதைச் செய்கிறது, எதைச் செய்யாமல் நழுவுகிறது, அதே சிக்கலை இன்னொரு நாட்டு அரசாங்கம் எப்படித் தீர்த்தது, அங்கே நடந்தது இங்கே ஏன் நடக்கவில்லை என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற படிப்பு. நல்ல படிப்பு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1975-இல் ஹைடன்ஹைமர், ஹெக்லோ, ஆடம்ஸ் என்ற மூவர் இந்தப் பெயரிலேயே பாடநூல் போட்டார்கள். 1990-இல் எஸ்பிங்-ஆண்டர்சன் நலன்புரி அரசுகளை மூன்று உலகங்களாகப் பிரித்தார். அந்த மூன்று உலகங்களிலும் திருச்சி மாவட்டம் இல்லை என்று தெரிந்தபோது ஐயாவுக்கு ஏற்பட்ட நிம்மதியை வார்த்தையில் சொல்ல முடியாது. இல்லாத இடத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டியதில்லை அல்லவா? இக்கரைக்கு அக்கரை பச்சை என்பது நமக்குப் பழமொழி. ஐயாவுக்கு அது ஆய்வு முறையியல்.

அவருடைய பி.எச்டி. தலைப்பு நார்டிக் நாடுகளில் பள்ளி உணவு. ஃபின்லாந்து 1943-இல், போர் நடந்துகொண்டிருக்கும்போதே, எல்லாப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இலவசச் சாப்பாடு என்று சட்டம் போட்டது. ஐந்து வருஷ அவகாசம் கொடுத்து 1948 முதல் முழுமையாக நடைமுறைப்படுத்தியது. பணக்கார வீட்டுப் பிள்ளையும் ஏழை வீட்டுப் பிள்ளையும் ஒரே சாப்பாடு, காசு கிடையாது. மகத்தான காரியம். அதை நானூறு பக்கத்தில் விளக்கிவிட்டு, கடைசி அத்தியாயத்தில் "இந்தியா போன்ற வளரும் நாடுகள் இதிலிருந்து பாடம் கற்க வேண்டும்" என்று ஐயா முடித்திருப்பார்.

ஐயாவின் மாமனார் வீடு தஞ்சாவூர். மாதத்துக்கு இரண்டு தடவையாவது போய் வருவார். திருச்சியிலிருந்து தஞ்சாவூர் சாலையில் அரியமங்கலம் தாண்டினால் காட்டூர். காட்டூரை ஒட்டிப் பாப்பாக்குறிச்சி. 1982 ஜூலை 1-ஆம் தேதி எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தது அந்த ஊரில்தான். சென்னையில் இல்லை, மதுரையில் இல்லை, ஹெல்சிங்கியில் நிச்சயமாக இல்லை. காமராஜர் 1956-இல் தொடங்கிய மதிய உணவு அதற்கு முன்பே இருந்தது. பாப்பாக்குறிச்சியில் தொடங்கியது முதலில் கிராமத்துக் குழந்தைகளுக்கு, அப்புறம் நகரத்துக் குழந்தைகளுக்கு, 1984-இல் பத்தாம் வகுப்பு வரைக்கும் என்று விரிந்தது. கஜானா காலியாகிவிடும், ஓட்டுக்காகச் சோறு போடுகிறார் என்று படித்தவர்கள் அன்றைக்குச் சிரித்தார்கள். 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம் நாட்டிலுள்ள எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் சமைத்த சாப்பாடு போடுங்கள் என்று உத்தரவிட்டது. நாடே திரும்பிப் பார்த்தது இந்தப் பக்கம்தான். 1989-இல் இரண்டு வாரத்துக்கு ஒன்றாக வந்த முட்டை, 2010-இல் வாரத்துக்கு ஐந்தாக உயர்ந்தது. முட்டைக்குள் ஒரு நாட்டின் கட்சி அரசியலே அடைகாத்துக் கிடக்கிறது. ஒப்பீட்டு ஆய்வாளனுக்கு இதைவிட விருந்து வேறு என்ன?

எம்.ஏ. வகுப்பில் நான் கேட்டேன். அப்போது எனக்கு வாய் இருந்தது. "சார், ஃபின்லாந்து சரி. பாப்பாக்குறிச்சி?"

ஐயா கண்ணாடியைக் கழற்றினார். "தம்பி, அது பாலிசி இல்லப்பா. அது பாலிடிக்ஸ்."

அன்றைக்கு நோட்டில் எழுதிக்கொண்ட இலக்கணம் இன்றும் மறக்கவில்லை. ஃபின்லாந்தில் நாடாளுமன்றம் சோறு போட்டால் பாலிசி. பாப்பாக்குறிச்சியில் முதலமைச்சர் சோறு போட்டால் பாலிடிக்ஸ். அங்கே வரிப்பணம் முதலீடு. இங்கே வரிப்பணம் இலவசம். அங்கே பிள்ளை சாப்பிட்டால் மனிதவள மேம்பாடு. இங்கே பிள்ளை சாப்பிட்டால், பாவம், பிள்ளை சாப்பிடுகிறது.

ஐயா ஒரு தடவை ஹெல்சிங்கிக்கே போய்விட்டார், ஐந்து நாள் மாநாடு. போய் வந்ததும் ஸ்டாஃப் ரூமில் ஆளுக்கொரு ஃபாட்ஸர் சாக்லேட், செல்போனில் பள்ளிக்கூட கேன்டீன் படங்கள். "பாத்தீங்களா, அங்க பசங்க சாப்பிட்ட தட்டைத் தாங்களே எடுத்துட்டுப் போயி வைக்கறாங்க. டீச்சரும் பசங்களும் ஒரே லைன். டிக்னிட்டி ஆஃப் லேபர்!" என்று சொல்லிவிட்டு, சாப்பிட்டு முடித்த டிபன் பாக்ஸைத் தன்னிடம் பி.எச்டி. பண்ணும் பெண் பக்கம் நகர்த்தினார். அந்தப் பெண் எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். நான் சாக்லேட்டை வாயில் போட்டிருந்தேன். சாக்லேட் நன்றாகத்தான் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஃபின்லாந்தில் இல்லாத ஒரு மாறி நம் சத்துணவுக் கூடத்தில் உண்டு. 2018-இல் திருப்பூர் மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் பட்டியல் சாதிப் பெண் சமைக்கக் கூடாது என்று ஊரார் சிலர் கூடி எதிர்த்தார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவாயிற்று. ஒரே உணவு, ஒரே வரிசை என்ற கொள்கை அடுப்படிக்கு வந்ததும் யார் கை கிண்டுகிறது என்பதில் முட்டிக்கொண்டு நிற்கிறது. உலகத்தின் எந்தப் பல்கலைக்கழகமும் உட்கார்ந்து கேட்கும் பாடம் இது. ஐயாவின் முப்பத்தாறு கட்டுரைகளில், எண்பத்தெட்டு அட்டவணைகளில், சாதி என்ற மாறி ஒரு கட்டத்தில்கூட இல்லை. கேட்டால் "டேட்டா கிடைக்கலப்பா" என்பார். அந்த டேட்டாவைத்தான் அந்தப் பெண் குழாயடியில் கழுவிக்கொண்டிருந்தாள்.

முப்பத்தாறு கட்டுரை என்று சொன்னேனே, அது நான் தட்டச்சு செய்த வகையில் எண்ணியது. 2010-இல் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) ஏ.பி.ஐ. என்ற மதிப்பெண் முறையைக் கொண்டுவந்தது: கட்டுரைக்கு இத்தனை, புத்தகத்துக்கு இத்தனை, கருத்தரங்குக்கு இத்தனை என்று புள்ளி சேர்த்தால் பதவி உயர்வு. ரேஷன் கார்டில் சர்க்கரை, பாமாயில் டிக் அடிக்கிற மாதிரி. உடனே நாடெங்கும் சர்வதேச ஆய்விதழ்கள் காளான் மாதிரி முளைத்தன. ஆசிரியர் குழுவில் ஆறு கண்டம், அச்சகம் மட்டும் ஒரு மாடிப்படிக்குக் கீழே. பணம் கட்டினால் பத்து நாளில் கட்டுரை வரும். கூடுதலாகக் கட்டினால் நேற்றைய தேதியில் வரும். 2018 மே மாதம் யு.ஜி.சி. தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை ஒரேயடியாகத் தூக்கியது. அன்று ஸ்டாஃப் ரூமில் எழவு விழுந்த அமைதி. அவரவர் அவரவர் இதழைத் தேடிக்கொண்டிருந்தார்கள். இதழ் போனது, அதில் வாங்கிய புள்ளி போகவில்லை, அந்தப் புள்ளியில் ஏறிய சம்பளமும் இறங்கவில்லை. அதே வருஷம் வந்த கருத்துத் திருட்டுத் தடுப்பு விதி, 10 சதவீதம் வரை ஒத்துப்போனால் தண்டனை இல்லை என்றது. ஐயா விதியை மதிப்பவர். ஒன்பதரையில் நிறுத்திக்கொள்வார்.

வேலைக்கு எப்படி வந்தார் என்பதை "தகுதி அடிப்படையில்" என்று எழுதச் சொன்னார்கள், எழுதிவிட்டேன். ஆனால் இதில் ஒரு வேடிக்கை. பதவிகள் விலைக்குப் போவதைப் பற்றி இந்தத் துறையில் உலகப் புகழ்பெற்ற ஒரு கட்டுரை உண்டு. ராபர்ட் வேட் 1982-இல் எழுதியது. தென்னிந்தியக் கால்வாய்ப் பாசனத்தில் பொறியாளர்கள் பணியிட மாறுதலுக்குப் பணம் கொடுப்பதும், கொடுத்ததை விவசாயியிடம் கறப்பதும் எப்படி ஒரு முறைமையாகவே நடக்கிறது என்று பிட்டுப் பிட்டு வைத்தார். அந்தக் கட்டுரையை ஐயா வருஷா வருஷம் உருக்கமாக நடத்துவார். "பாருங்க, எஞ்சினியர்ஸ் எப்படிக் கெட்டுப் போயிட்டாங்க" என்று முடிப்பார். 2018 பிப்ரவரியில் கோயம்புத்தூரில் ஒரு துணைவேந்தரை, உதவிப் பேராசிரியர் பணி தொடர்பாக 30 லட்சம் ரூபாய் லஞ்சம் கேட்டு வாங்கியதாக லஞ்ச ஒழிப்புத் துறை கைது செய்தது. அந்த அக்டோபரில், துணைவேந்தர் பதவிகளுக்குக் கோடிகள் கைமாறின என்று மாநில ஆளுநரே மேடையில் சொன்னார். வகுப்பில் ஒரு பையன் செய்தித்தாளோடு எழுந்தான். "சிலபஸ்ல கால்வாய்தான் இருக்கு, உக்காரு" என்றார் ஐயா.

பிறகு 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் ஒரு பட்டியலை வெளியிட்டது: 224 பொறியியல் கல்லூரிகளில் 353 பேர், ஒரே சமயத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேர ஆசிரியர்களாகக் கணக்கில் இருக்கிறார்கள். மெய்யான ஒப்பீட்டு ஆய்வாளர்கள் என்றால் அவர்கள்தான். ஒரே மனிதன், ஒரே மணி நேரம், பல நிறுவனங்கள். ஐயாவுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அவர் முழுநேரமாக ஓர் இடத்திலும் இருந்ததில்லை.

பேருந்துக் கதையும் உண்டு. 2020 மார்ச்சில் லக்சம்பர்க் நாடு முழுவதும் பொதுப் போக்குவரத்தைக் கட்டணமில்லாமல் செய்தது. ஐயா அதைப் பற்றி ஒரு கட்டுரை, இரண்டு இணையவழிக் கருத்தரங்கு, ஒரு வானொலிப் பேச்சு. லக்சம்பர்க்கின் மொத்த ஜனத்தொகை நம் திருச்சி மாநகராட்சியின் ஜனத்தொகையைவிடக் குறைவு. 2021 மே மாதம் தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று உத்தரவு வந்தது. ஸ்ரீரங்கத்திலிருந்து மத்தியப் பேருந்து நிலையத்துக்குப் போகிற ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் காந்தி மார்க்கெட்டுக்குப் பூக்கூடையோடு போகிற அம்மாக்கள், வீட்டு வேலைக்குப் போகிறவர்கள், ஜவுளிக்கடைப் பெண்கள் பூஜ்யம் போட்ட டிக்கெட்டை மடித்துக் கையில் வைத்திருப்பார்கள். மிச்சமான காசு எங்கே போகிறது, அந்தக் காசுக்கு வீட்டில் யார் கை நீட்டுகிறார்கள், கண்டக்டர் எப்படிப் பேசுகிறார், கை காட்டினால் பஸ் நிற்கிறதா என்று நாலு நாள் அதில் போய் வந்தால் ஒரு புத்தகம் எழுதலாம். ஐயா காரில் போகிறவர். பஸ் குறுக்கே வந்தால் "ஓசி வண்டி" என்று சொல்லிவிட்டு ஹாரனை அழுத்துவார்.

கழிப்பறை விஷயத்தை மலரில் எழுதலாமா என்று யோசித்தேன். எழுதாமல் இருந்தால் பாவம். பணம் கொடுத்துவிட்டுப் போகும் கழிப்பறை உலகெங்கும் உண்டு. போனால் பணம் கொடுக்கும் கழிப்பறை முசிறியில் இருந்தது. திருச்சியைச் சேர்ந்த ஸ்கோப் தொண்டு நிறுவனம் கட்டியது. சிறுநீருக்கு ஒரு குழி, மலத்துக்கு ஒரு குழி, மேலே சாம்பல், பிறகு எரு. பயன்படுத்துகிறவருக்கு ஒரு தடவைக்கு 10 பைசா. அயல்நாட்டுச் செய்தியாளர்கள் வந்து எழுதிவிட்டுப் போனார்கள். அதை நடத்திய மராச்சி சுப்புராமனுக்கு 2021-இல் பத்மஸ்ரீ. திருச்சிக்குள்ளேயே கல்மந்தை என்ற குடிசைப் பகுதியில், கிராமாலயா நிறுவனத்தின் துணையோடு மகளிர் குழுக்கள் பொதுக் கழிப்பறையைத் தாங்களே நடத்தி, காசு வாங்கி, கணக்கு எழுதி, 2002-இல் திறந்தவெளியில் யாரும் ஒதுங்காத பகுதியாக அதை அறிவிக்க வைத்தார்கள். அதன் நிறுவனர் தாமோதரனுக்கு 2022-இல் பத்மஸ்ரீ. அடுத்தடுத்த வருஷம், அக்கம்பக்கத்து ஊர், ஒரே துறை. அவர்கள் செய்தது எது நிலைத்தது, எது நிலைக்கவில்லை, மாநகராட்சி எங்கே உதவியது, எங்கே கையை விரித்தது என்று கேட்க ஓர் ஆட்டோ பிடித்தால் போதும். ஐயா அந்த வருஷங்களில் ஸிங்கப்பூர் கழிப்பறைச் சட்டத்தைப் படித்துக்கொண்டிருந்தார். துறையின் கழிப்பறைக்கு அப்போது தாழ்ப்பாள் இல்லை. இப்போதும் இல்லை, வாளியை வைத்து முட்டுக்கொடுத்துக்கொள்ள வேண்டும்.

கொள்கை ஏன் தரையில் இறங்கும்போது தோற்கிறது என்பதற்கு ஐயா நடத்துவது பிரெஸ்மன், வில்டாவ்ஸ்கி எழுதிய 1973-ஆம் வருஷத்துப் புத்தகம். கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து நகரத்தில் அமெரிக்க அரசின் வேலைவாய்ப்புத் திட்டம் எப்படிப் பிசுபிசுத்தது என்பது கதை. ஓக்லாந்தின் விமான நிலையக் கொட்டகை எந்தத் திசையில் இருக்கும் என்று எங்கள் மாணவர்களுக்கு மனப்பாடம். 2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பில் கொள்ளிடத்துக் கதவணையின் ஒன்பது மதகுகள் வெள்ளத்தோடு போயின. 1836-இல் ஆர்தர் காட்டன் கட்டிய அணை. அதே மாதத்தில் கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலமும் தூண் சரிந்து இடிந்தது. மணல் எங்கே போனது, பராமரிப்பு யார் பொறுப்பு, எந்தக் கோப்பு எந்த மேஜையில் தூங்கியது? புதிய கதவணைக்கு 387 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கினார்கள். பஸ் ஏறினால் அரை மணி, முக்கால் மணி நேரம். மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்டேன். "அங்க கூட்டமா இருக்கும், செல்ஃபி எடுக்கறேன்னு எவனாவது விழுந்து வைப்பான். ஓக்லாந்து போதும்" என்றார்.

இதை எல்லாம்விட என்னை உறுத்துவது ஸ்வீடன்காரர்கள் கதை. 1979-இல் லுண்ட் பல்கலைக்கழகத்திலிருந்து யோரான் யூர்ஃபெல்ட், ஸ்டஃபான் லிண்ட்பெர்க் என்ற இருவர் திருச்சி மாவட்டத்துக்கு வந்தார்கள். கூடச் சேர்ந்தவர் வெங்கடேஷ் ஆத்ரேயா. பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்தவர். குளித்தலைப் பக்கத்து ஆற்றுப்பாசன ஊர்களையும் மணப்பாறைப் பக்கத்து வறண்ட ஊர்களையும் எடுத்துக்கொண்டார்கள்; மொத்தம் ஆறு ஊர். வீடு வீடாக ஏறி, யாருக்கு எத்தனை குழி நிலம், யார் யாரிடம் கடன், கூலி நெல்லா காசா என்று கேட்டு 1990-இல் 'பேரியர்ஸ் புரோக்கன்' என்று புத்தகம் போட்டார்கள். அதோடு விட்டார்களா? முதலில் வந்து கால் நூற்றாண்டு கழித்து, 2005-இல் அதே ஆறு ஊருக்குத் திரும்பி வந்து, அதே குடும்பங்களைத் தேடி, என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். ஆத்ரேயா இடையில் பக்கத்துப் புதுக்கோட்டையின் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தைப் பற்றி, அப்போது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத்தோடு சேர்ந்து 1996-இல் இன்னொரு புத்தகம் எழுதினார். கையெழுத்துப் போடக் கற்ற பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்ற கதை அது.

ஆக, ஸ்வீடனிலிருந்து குளித்தலைக்கு வர ஆள் இருந்தது. ஸ்ரீரங்கத்திலிருந்து குளித்தலைக்குப் போகத்தான் ஆள் இல்லை. 'பேரியர்ஸ் புரோக்கன்' புத்தகத்தை ஐயா தன் ஆய்வேட்டில் மேற்கோள் காட்டியிருக்கிறார், ஸ்வீடன் நாட்டு ஆய்வு மரபுக்கு உதாரணமாக.

ஐயாவிடம் எட்டுப் பேர் பி.எச்டி. செய்தார்கள். பேராசிரியருக்கு விதிப்படி எட்டு. எட்டும் எப்போதும் நிறைந்தே இருக்கும். ஸ்காலர் என்றால் ஆய்வாளர் என்று பொருள் எழுதியவர்கள் திருச்சிக்கு வந்ததில்லை. இ.பி. பில் கட்டுகிறவர், ரயில் டிக்கெட் போடுகிறவர், பேத்தியின் புராஜெக்ட்டுக்குத் தெர்மோகோல் வெட்டுகிறவர், கல்லூரிக்குத் தர மதிப்பீடு செய்யும் நாக் குழு வரும்போது கோப்புகளுக்கு அட்டை போட்டுப் பழைய தேதியில் மினிட்ஸ் எழுதுகிறவர், இவர்கள்தான் ஸ்காலர்கள். வைவா நாளில் புறத்தேர்வாளருக்குப் பட்டு அங்கவஸ்திரம், துறைக்கு முழுச் சாப்பாடு, ஐயாவின் வீட்டுக்குத் தனிப் பார்சல். மதியச் சாப்பாட்டுக் கொள்கையில் முனைவர் பட்டம் வாங்கியவரின் துறையில், மதியச் சாப்பாடு போட்டால்தான் முனைவர் பட்டம். எனக்கு வைவா நடந்த அன்று அம்மாவின் வளையல் தில்லைநகர் அடகுக்கடையில் இருந்தது. ஐயா பாயசத்தை இரண்டாவது தடவை வாங்கிக்கொண்டு "நல்ல ஆராய்ச்சி" என்றார்.

சரி, ஒப்பீடு. ஜான் ஸ்டூவர்ட் மில் 1843-இல் சொல்லிக்கொடுத்த வேற்றுமை முறை இன்றும் இந்தத் துறைக்கு அரிச்சுவடி: எல்லாம் ஒன்றாக இருந்து ஒன்று மட்டும் வேறாக உள்ள இரண்டை எடுத்துக்கொள். ஐயா இதற்காக உலகம் முழுக்கத் தேடினார். அவருடைய மேஜைக்கும் என்னுடைய மேஜைக்கும் நடுவில் நாலடி. ஒரே அறை, ஒரே மின்விசிறி, ஒரே சிலபஸ், ஒரே மாணவர்கள், ஒரே பட்டம். ஐயாவின் அடிப்படைச் சம்பளம் ஏழாவது ஊதியக்குழுப்படி 1,44,200 ரூபாயில் தொடங்குகிறது. அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி எல்லாம் அதற்கு மேலே. என்னுடையது 25,000. படி கிடையாது, ஏறி வர மாடிப்படி உண்டு. வருஷத்துக்குப் பதினொரு மாதம்தான் வரும், மே மாதம் வராது. மே மாதத்தில் எங்களுக்குப் பசிக்காது என்று ஏதோ ஓர் ஆய்வில் கண்டிருக்கிறார்கள் போலிருக்கிறது.

எங்களுக்கு அரசு வைத்திருக்கிற பெயர் கௌரவ விரிவுரையாளர். தமிழில் இதைவிட நல்ல அங்கதத்தை இதுவரைக்கும் எந்த எழுத்தாளரும் எழுதவில்லை. ஓர் அரசாணை எழுதியிருக்கிறது. சம்பளத்தைக் கழித்துவிட்டு அந்த இடத்தில் கௌரவத்தைப் போட்டு நிரப்பியிருக்கிறார்கள். மாநிலம் முழுக்க அரசுக் கலைக் கல்லூரிகளில் எங்களைப் போல ஏழாயிரம் பேருக்கு மேல். 2019 ஜனவரியில் யு.ஜி.சி. வகுப்புக்கு 1,500, மாதத்துக்கு 50,000 வரை கொடுங்கள் என்று சுற்றறிக்கை விட்டது. உயர் நீதிமன்றமும் கொடுங்கள் என்றது. 2024-இல் 4,000 உதவிப் பேராசிரியர் பணியிடங்களுக்கு அறிவிப்பு வந்தது, தேர்வுத் தேதியும் வந்தது, தேர்வு தள்ளிப்போனது. எங்களில் சிலருக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. மாணவர்களாக எங்களிடம் படித்தவர்கள் எங்கள் பக்கத்து மேஜைக்குக் கௌரவமாக வந்து உட்காருகிறார்கள். ஐயாவின் பாடவேளையையும் நான்தான் எடுக்கிறேன். ஃபின்லாந்தில் ஆசிரியத் தொழிலுக்கு உள்ள மதிப்பு என்ற பாடம் அதில் ஒன்று. அங்கே பள்ளி ஆசிரியராக முதுகலைப் பட்டம் வேண்டும், அந்தப் படிப்பில் இடம் கிடைக்கப் போட்டா போட்டி, சமூகத்தில் தனி மரியாதை என்று நான் கரும்பலகையில் எழுதும்போது பின்வரிசையில் ஒரு பையன் என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். தைத்த செருப்பு. அவன் நல்ல ஒப்பீட்டு ஆய்வாளனாக வருவான், வேலை கிடைத்தால்.

பதவி உயர்வுக் கோப்பு, ஓய்வூதியக் கோப்பு, கணக்கில் இருக்கிற ஈட்டிய விடுப்பை எண்ணிக் காசாக்குவது என்று கடைசி ஆறு மாதம் ஐயா கடுமையாக உழைத்தார். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு மனிதன் தன் வாழ்நாளில் ஒரு கொள்கையையாவது அடி முதல் நுனி வரை, துணை விதி, பின்னிணைப்பு உட்படப் படித்து நடைமுறைப்படுத்தியதை நான் நேரில் பார்த்தேன்.

இவ்வளவையும் எழுதி, நல்ல காகிதத்தில் அச்செடுத்து, செயலாளரிடம் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து போன் வந்தது.

"சார், பிரமாதமா எழுதியிருக்கீங்க. கொஞ்சம் நீளமாப் போச்சு, மலர்ல இடமில்ல. அந்த இடத்துல ஐயாவோட ஹெல்சிங்கி போட்டோ போட்டுக்கறோம்."

"சரிங்க சார்."

"முப்பத்தொண்ணாம் தேதி சாயந்திரம் வந்துடுங்க. நாற்காலி எண்ணி இறக்க ஆள் வேணும். அப்புறம் வாசல்ல பன்னீர் தெளிக்க உங்க பேரைத்தான் போட்டிருக்கு."

"எந்த மாசம் சார்?"

"மே தான் சார்."